ஊர் என்னும் ஆகுபெயர்: கடலோரக் கிராமப் புதினங்களில் சமூக வாழ்வு

முன்னுரை

'ஊர் சிரித்தது', 'ஊர் திரண்டது' என்பன இடவாகுபெயருக்கு இலக்கண நூலார் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள். இடத்தின் பெயர் அவ்விடத்து வாழும் மக்களுக்கு ஆகிவருகிறது என்று விளக்கி அமைவர். அம்மக்கள் அனைவருக்கும் ஆகிவருகிறதா, அவருள் சிலருக்கு மட்டும் ஆகிவருகிறதா என்னும் வினா இலக்கணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் ஓர் ஊரின் கதையைக் கூறும் புதினத்தை ஆராய்வோர் அவ்வினாவைக் கடந்து செல்ல இயலாது.

கடற்கரை வாழ்வைப் பொருளாகக் கொண்ட தமிழ்ப் புதினங்கள் கடந்த அரை நூற்றாண்டில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988), 'துறைமுகம்' (1991), ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' (2009) ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவை பற்றி எழுந்த ஆய்வேடுகள் பலவற்றில் 'சமூக வாழ்வு' என்னும் இயல் தவறாது இடம்பெறுகிறது. உணவு, உடை, திருவிழா, நம்பிக்கை, மணமுறை, இழவுச் சடங்கு எனப் பட்டியலிட்டு, நெய்தல் நில மக்களின் வாழ்வை இப்புதினங்கள் பதிவு செய்துள்ளன என்று அவ்வியல் நிறைவுறும். பட்டியல் தவறன்று. எனினும் 'மக்கள்' என்று அது ஒருமைப்படுத்தும் தொகுதிக்குள் யார் பேசினர், யார் பேச இயலாது போயினர் என்பது அதனுள் மறைந்துவிடுகிறது.

இக்கட்டுரை 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை மையமாகக் கொண்டு, கடலோரச் சிற்றூரின் சமூக வாழ்வு எதனால் கட்டப்படுகிறது என்று ஆராய முற்படுகிறது. கொல்கத்தாவிலிருந்து எழுதப்படுவதால், அந்நகரத்து வாசகர் நன்கறிந்த இரு வங்கப் புதினங்கள் ஒப்பீட்டிற்குத் துணை கொள்ளப்படுகின்றன. மாணிக் பந்தோபாத்யாயவின் 'பத்மா நதிர் மாஜி' (1936), அத்வைத மல்லபர்மனின் 'தித்தாஸ் ஏக்டி நதிர் நாம்' (1956) என்பன அவை. இரண்டும் ஆற்று மீனவரின் கதைகள். முன்னதன் இறுதி கடல் நடுவே உள்ள ஒரு தீவை நோக்கிச் செல்கிறது.

1. அலர் தூற்றும் ஊர்

நெய்தல் நிலத்து ஊர்களைப் பாக்கம், பட்டினம் என உரையாசிரியர்கள் குறிப்பர். சங்கப் பாடல்களில் சிறுகுடி என்னும் சொல்லும் மிகுதியாக வழங்குகிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை நாம் அறிவோம். அவ்விரக்கத்திற்குத் தலைவனின் பிரிவு மட்டுமே காரணமன்று. அப்பிரிவைக் கண்டு பேசும் ஊரும் காரணமாகிறது. சிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல். பலரறியப் பேசுவது அலர். அகப்பாடல்களில் 'ஊர்' என்னும் சொல் தானே வினை செய்யும் எழுவாயாக வருமிடங்களில் பெரும்பாலும் அது அலர் தூற்றுகிறது. அலருக்கு ஆளாகும் தலைவி அவ்வூரிலேயே வாழ்பவள். ஆயினும் அலர் தூற்றும் ஊருக்குள் அவள் அடங்குவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நற்றிணை 45ஆம் பாடலில் தோழி, தேருடைய செல்வனாகிய தலைவனை விலகி நிற்கச் சொல்கிறாள். மீன் உணக்கிப் பறவை ஓப்பும் எங்கள் மேனியில் புலால் நாறும். உங்கள் வாழ்வு வேறு, எங்கள் வாழ்வு வேறு. எங்களுள்ளும் பெருமையுடையோர் உளர் என்பது அவள் கூற்றின் சாரம். இங்கு ஊர் தன்மைப் பன்மையில் தோன்றுகிறது. வெளியாரின் செல்வத்திற்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் 'எம்' என்னும் குரல் அது. பட்டினப்பாலை காட்டும் பரதவர் முழுநிலா நாளில் கடல்மேற் செல்லாது, சுறாவின் கோட்டை நட்டு வழிபட்டு, உண்டு ஆடி மகிழ்வதும் இத்தகைய கூட்டு வாழ்வே.

ஆக, சங்க இலக்கியமே நெய்தல் ஊரின் இரு முகங்களை நமக்குத் தந்துள்ளது. ஒன்று, வெளியாரை எதிர்த்து நிற்கும் ஊர். மற்றொன்று, உள்ளாரை ஒடுக்கும் ஊர். கடலோரப் புதினங்களைத் திணைக்கோட்பாட்டின் வழி அணுகுவோர் பெரும்பாலும் முதல் முகத்தையே கண்டு, சுறாவும் வலையும் கழியும் கருப்பொருளாக அமைந்துள்ளமையைச் சுட்டி நிறைவடைகின்றனர். தோப்பிலின் புதினம் இரண்டாம் முகத்தின் கதையாகும்.

2. கடல் பின்னிற்கும் கடலோரக் கதை

தோப்பில் முகமது மீரான் (1944–2019) குமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டினத்தில் பிறந்தவர். மலையாளவழிக் கல்வி பெற்றவர். அவ்வூர் 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நிலப்பகுதியைச் சார்ந்தது. அரபும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அப்பகுதி முஸ்லிம் மக்களின் பேச்சுமொழி இப்புதினத்தின் வழியாகவே தமிழ்ப் புனைகதைக்குள் முழு வலிமையோடு நுழைந்தது. 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது பலர் அவரை அறிந்தனர் எனினும், அவருடைய உலகம் முதற்புதினத்திலேயே முழுமையாக அமைந்துவிட்டது எனலாம்.

தலைப்பு 'கடலோர கிராமம்' என்றாலும், கடலில் இறங்குவோர் இக்கதையின் மையத்தில் இல்லை. 'ஆழி சூழ் உலகு' நடுக்கடலில் உயிருக்குப் போராடும் மனிதரோடு தொடங்குவதை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகும். தோப்பிலின் கதையில் அதிகாரம் செலுத்துபவை வடக்கு வீடும் பள்ளிவாசலும் ஆகும். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி வைத்ததே ஊரில் வழக்கு. அவர் சொல்லும் சொல் ஊரின் சொல்லாகிறது. அவருடைய வீட்டு மானம் ஊரின் மானமாகிறது. இலக்கணத்தில் இடப்பெயர் மக்களுக்கு ஆகிவந்தது. இங்கோ இடத்தின் பெயரும் மக்களின் பெயரும் சேர்ந்து ஒரு மனிதருக்கு ஆகிவந்துள்ளன.

இந்த ஆகுபெயர் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதைக் காட்டுவதே புதினத்தின் உண்மையான சாதனை. முதலாளி வெறும் கொடியவராகப் படைக்கப்படவில்லை. அவர் இல்லாத ஊரை ஊர்மக்களால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. அவர்தம் அச்சத்தில் நன்றியும் கலந்திருக்கிறது. நன்றியில் பிழைப்பும் கலந்திருக்கிறது. மந்திரித்து ஊதும் தங்ஙள் ஊருக்குள் வந்து அமரும்போது அவரை ஐயுறுவது மார்க்கத்தை ஐயுறுவதாகிறது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்த ஆசிரியர் மகபூப்கான் வரும்போது அவரை ஏற்பது ஊரை மறுப்பதாகிறது. கல்வி வேண்டுமா வேண்டாவா என்னும் வினா எழுவதற்கு முன்பே, 'ஊர் வேண்டாம் என்கிறது' என்னும் விடை வந்துவிடுகிறது. ஆனால் ஊர் கூடிப் பேசி அவ்விடையை அடைந்ததாகக் கதையில் எவ்விடத்தும் இல்லை.

இவ்வமைப்பில் எதிர்க்குரல் எழுப்புபவன் சுறாப்பீலி வணிகன் மஹ்மூது. அவனுடைய தொழிலை ஆசிரியர் காரணமின்றித் தேர்ந்திருக்க முடியாது. சுறாப்பீலி உள்ளூரில் உண்ணப்படும் பொருளன்று. ஊருக்கு வெளியே, கடலுக்கு அப்பால் விலைபோகும் சரக்கு. அவ்வணிகத்தால் வாழ்பவனுடைய பிழைப்பின் ஒரு முனை முதலாளியின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. பேசத் துணிவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவ்வுரம் நிற்பதற்கு ஊன்றிக்கொள்ள ஓர் இடமும் வேண்டும் என்பதை ஆசிரியர் அறிந்து எழுதியுள்ளார். மஹ்மூதைச் 'சீர்திருத்தக் குரல்' என்று மட்டும் குறித்துச் செல்வது இப்பொருளாதார நுட்பத்தைத் தவறவிடுவதாகும்.

ஊன்றிக்கொள்ள அத்தகைய இடம் இல்லாதவர்கள் பெண்கள். முதலாளியின் மகள் ஆயிஷாவும் அவருடைய தங்கை மகன் பரீதும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். குடும்பப் பெருமைக்காக வேறோரிடத்தில் அமைக்கப்படும் திருமணம் அவளை அழிக்கிறது. வெளியாருக்கு முதலாளி செய்த கொடுமைகளை ஊர் பொறுத்துக்கொண்டது. அதே ஆகுபெயர் அவருடைய வீட்டுக்குள் புகும்போது அவருடைய மகளே அதற்குப் பலியாகிறாள். வடக்கு வீட்டின் வீழ்ச்சி வெளியிலிருந்து வந்த இடியன்று. அவ்வீட்டின் பெருமையே அதற்கு வித்தாகிறது. அகப்பாடலின் தலைவி அலருக்கு அஞ்சினாள். ஆயிஷாவுக்கோ அலர் எழுவதற்கு முன்பே அதன் அச்சம் தந்தையின் வடிவில் வீட்டிற்குள் அமர்ந்திருக்கிறது.

3. ஒரே கோவில், இரு கரைகள்

ஆணை செலுத்தும் முதலாளி இல்லையெனில் ஊர் ஒன்றுபட்டுவிடும் என்று கருதவும் இடமில்லை. 'கடல்புரத்தில்' இதற்குச் சான்றாகும். மணப்பாட்டைக் களமாகக் கொண்ட இப்புதினத்தில் மக்கள் ஒரே குலத்தினர். ஒரே கோவிலில் வழிபடுவோர். ஒரே கடலில் பிழைப்போர். ஆயினும் வல்லம் வைத்திருப்போருக்கும் லாஞ்சு வைத்திருப்போருக்கும் இடையே பகை மூள்கிறது. குரூஸ் மிக்கேல் தம் வல்லத்தை விற்க மறுப்பதையும், அவருடைய மகன் அதை விற்றுக் கரையேறி வேறு தொழில் செய்ய விழைவதையும் பழைமைக்கும் புதுமைக்குமான போராட்டம் என்று கூறுவது எளிது. உண்மையில் அங்கு மோதுவன மீன்பிடிக்கும் இரு முறைகள் மட்டுமல்ல. 'நம் ஊர்' என்பதற்கான இரு பொருள்கள். தந்தைக்கு ஊர் என்பது கடலில் இறங்கும் உரிமை. மகனுக்கு ஊர் என்பது விட்டு விலக வேண்டிய வறுமை. வண்ணநிலவன் இருவரையும் பழிக்கவில்லை. பிலோமிக்குட்டியின் பரிவு இவ்விருவருக்கும் இடையே பாலமாகிறது எனினும், அப்பரிவினால் ஊர் மீளவும் ஒன்றாகிவிடவில்லை.

4. கொழும்பும் கல்கத்தாவும்

கடலோரச் சிற்றூர் உலகத்தினின்றும் ஒதுங்கிய தனித்தீவு என்பது நகரத்து வாசகரின் எண்ணம். புதினங்கள் இதற்கு மாறானதைக் கூறுகின்றன. 'துறைமுகம்' காட்டும் ஊரில் மீன் உலர்த்தப்பட்டுக் கொழும்புக்குச் செல்கிறது. அங்குள்ள தரகு வணிகர் குறிக்கும் விலையே இங்கு அடுப்பு எரியுமா எரியாதா என்பதைத் தீர்மானிக்கிறது. தான் காணாத ஒரு நகரத்தின் கணக்கை நம்பி ஓர் ஊர் முழுவதும் வாழ்கிறது.

'பத்மா நதிர் மாஜி' இதே உறவோடு தொடங்குகிறது. மழைக்கால இரவில் குபேரும் கணேஷும் தனஞ்செயின் படகில் இலிச மீன் பிடிக்கின்றனர். பிடிபட்டதில் பாதி படகுக்கும் வலைக்கும் உரிமையாளனாகிய தனஞ்செய்க்கு. எஞ்சிய பாதியே மற்ற இருவருக்கும். எண்ணிக்கை சொல்வதிலும் அவன் அவர்களை ஏமாற்றுகிறான். அம்மீன் கல்கத்தாவுக்குச் செல்கிறது. அந்நகரத்துக் காற்றில் பத்மா இலிசம் பொரியும் மணம் கமழ்கிறது என்று ஆசிரியர் குறிப்பிடுகிறார். எள்ளலாகவும் வலியாகவும் அமைந்த குறிப்பு இது. புதினத்தை வாங்கிப் படிக்கும் கல்கத்தா வாசகரின் உண்கலத்திலிருந்தே கதை தொடங்கிவிடுகிறது. கேதுப்பூர் மீனவரின் வறுமையை அவ்வாசகர் வெளியே நின்று இரங்கிப் பார்க்க இயலாது. அவ்வறுமையின் மறுமுனை அவருடைய கையில் இருக்கிறது. கொழும்புக்குத் தேங்காப்பட்டினம் எவ்வாறோ, கல்கத்தாவுக்குக் கேதுப்பூர் அவ்வாறு. 'சமூக வாழ்வு' என்னும் இயலில் திருவிழாவுக்கு இடமளிக்கும் நாம் இத்தொலைநகரத்துச் சந்தைக்கு இடமளிப்பதில்லை. ஊரைக் கட்டும் கயிறுகளுள் அது வலுவானது.

5. கோயிலும் பள்ளிவாசலும் இல்லாத ஊர்

தோப்பிலின் முதலாளியோடு வைத்து எண்ணத்தக்க பாத்திரம் மாணிக்கின் ஹொசேன் மியா. நவகாளிப் பக்கத்திலிருந்து ஏழையாக வந்து செல்வனானவர், இனிமையாகப் பேசுபவர், பாடல் கட்டிப் பாடுபவர், எவருக்கும் இல்லையென்னாது உதவுபவர். கடல் நடுவே மொய்னாத்தீவு என்னும் நிலத்தைப் பெற்று அங்கு மக்களைக் குடியேற்றுவது அவருடைய வேட்கை. கடனில் மூழ்கியோர், ஊரில் நிற்க இயலாதோர் அங்குச் செல்கின்றனர். குடும்பத்தை அத்தீவில் பறிகொடுத்துத் தப்பிவந்த ராசுவின் உருவம் ஊரார் கண்முன் நிற்கிறது. அதைக் கண்ட பின்னரும் ஆட்கள் செல்வது நிற்கவில்லை.

அத்தீவில் கோயிலும் இல்லை, பள்ளிவாசலும் இல்லை. அவை எழுவதை ஹொசேன் மியா விரும்பவில்லை. இந்துவும் முஸ்லிமும் பகையின்றி உழுது பெருக வேண்டும் என்பது அவருடைய திட்டம். மேலோட்டமாகப் பார்ப்பின் தேங்காப்பட்டினத்தின் கேடுகளுக்கெல்லாம் இதுவே மருந்தெனத் தோன்றும். தங்ஙள் இல்லாத, சமயப் பிளவில்லாத ஊர் அன்றோ இது? ஆனால் அங்கும் 'ஊர்' என்பது ஒரு மனிதருக்கே ஆகிவருகிறது. அகமதுக்கண்ணு முதலாளி அச்சுறுத்திப் பெறுவதை ஹொசேன் மியா உதவி செய்து பெறுகிறார். திருட்டுப் பழி சுமந்த குபேர் இறுதியில் கபிலாவோடு மொய்னாத்தீவுக்குப் படகேறும்போது, அதைப் புதுவாழ்வு என்பதா சிறை என்பதா என்று ஆசிரியர் முடிவு கூறாது விடுகிறார். சமயம் நீங்கியவுடன் சமூகம் விடுதலை பெற்றுவிடும் என்று நம்புவோரும், சமயமே சமூகத்தைக் காக்கும் என்று நம்புவோரும் இவ்விரு புதினங்களையும் அடுத்தடுத்துப் படித்தல் வேண்டும். ஒருவரை மறுக்க இயலாத ஊரில் பள்ளிவாசல் இருப்பினும் இல்லாதொழியினும் விளைவு பெரிதும் வேறுபடவில்லை.

மொய்னாத்தீவு கற்பனையாயினும் அதன் அமைப்பு வங்கக் கடற்கரைக்கு அயலானதன்று. தெற்கு இருபத்துநான்கு பர்கானா மாவட்டத்துக் கடலோரமுள்ள ஜம்புத்தீவில், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மீனவர் கூடி மீன் பிடித்து உலர்த்தி, பருவம் முடிந்ததும் கலைந்து செல்லும் வழக்கம் பல ஆண்டுகள் நிலவியது. 'நிலவும் வலையும்' என்று பொருள்படும் தலைப்பில் இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனம் கல்கத்தாவிலிருந்து 1980இல் வெளியிட்ட விகாஸ் ராய்சௌத்ரியின் ஆங்கில நூல், இத்தற்காலிகச் சமூகத்தை விரிவாக ஆராய்கிறது. படகும் வலையும் முன்பணமும் உடைய பஹர்தார் என்னும் தலைவரைச் சுற்றியே அங்குக் குழுக்கள் அமைந்தன. வன நிலம் என்னும் காரணத்தால் 2002, 2003ஆம் ஆண்டுகளில் அக்குடியிருப்பு தடுக்கப்பட்டது. சில மாதமே வாழ்ந்த ஊராயினும், அதைக் கலைத்தபோது இழந்தோர் இருந்தனர். ஊரின் அதிகாரத்தை விமரிசிப்பதற்கும், ஊரே வேண்டுவதில்லை என்று முடிப்பதற்கும் இடையேயுள்ள தொலைவை இந்நிகழ்வு நினைவூட்டுகிறது.

6. பாட்டால் நின்ற ஊர்

எனின் அச்சமும் கடனும் அன்றி வேறெதுவும் ஊரைக் கட்டுவதில்லையா? அத்வைத மல்லபர்மன் (1914–1951) இதற்கு வேறொரு விடை தருகிறார். தித்தாஸ் கரையின் மாலோ மீனவர் குலத்தில் பிறந்து, கல்கத்தாவில் இதழாளராகப் பணியாற்றி, இளமையிலேயே இறந்தவர் அவர். அவருடைய புதினம் மறைவுக்குப் பின்னரே நூலாயிற்று. ரித்விக் கட்டக் 1973இல் அதைத் திரைப்படமாக்கினார். மாலோ சேரி தன் பாட்டுகளாலும் சடங்குகளாலும் ஒன்றித்து நிற்கிறது. மேட்டுக்குடியினர் கொணரும் யாத்ரா நாடகக் கவர்ச்சி அப்பாட்டுகளை இழிவெனத் தோன்றச் செய்து சேரியைப் பிளக்கிறது. பின்னரே ஆறு தூர்ந்து மேடாகிறது. மேடான நிலத்தையும் வலியோர் கைப்பற்றுகின்றனர். ஆறு வற்றுவதற்கு முன்பே ஊர் வற்றத் தொடங்கிவிட்டது என்பதே இவ்வரிசைமுறை உணர்த்தும் செய்தி.

இங்குக் காணும் 'நாங்கள்' நற்றிணைத் தோழியின் 'எம்' என்பதற்கு நெருங்கியது. ஒருவர் பாட மற்றவர் ஏற்றுப் பாடும் கூட்டத்தில் ஆகுபெயர் அனைவருக்கும் ஆகிவருகிறது. ஆயினும் மல்லபர்மன் இதனை மிகைப்படுத்தவில்லை. கணவனை இழந்தோரும் ஆதரவற்றோரும் அச்சேரியில் படும் துயரத்தையும் அவரே எழுதியுள்ளார். பாட்டு ஊரைக் கட்டுகிறது; நீதியை அதுவே உறுதி செய்துவிடுவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், கடலோரச் சிற்றூரின் சமூக வாழ்வு என்பது முன்னரே அமைந்து கிடக்கும் ஒரு பொருளன்று என்பது பெறப்படுகிறது. தேங்காப்பட்டினத்தில் அது ஆணையாலும், மொய்னாத்தீவில் கடனாலும், மாலோ சேரியில் பாட்டாலும் கட்டப்படுகிறது. மணப்பாட்டில் கட்டு அவிழ்கிறது. எல்லாவற்றிலும் தொலைநகரத்துச் சந்தையோ நிலவுடைமையோ ஒரு முனையைப் பற்றியிருக்கிறது. இவற்றையெல்லாம் 'நெய்தல் மக்களின் வாழ்வியல்' என்னும் ஒரே தலைப்பில் அடக்குவது, அகமதுக்கண்ணு முதலாளியின் குரலையும் ஆயிஷாவின் மௌனத்தையும் ஒரே எடையில் நிறுத்துவதாகும்.

இதனால் நேரும் தீங்கு ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. ஊரின் பெயரால் ஒரு பெண்ணின் விருப்பம் மறுக்கப்படும்போதும், ஒரு குடும்பம் விலக்கி வைக்கப்படும்போதும், 'இது எங்கள் சமூக வழக்கம்' என்னும் சொல்லே முன்வைக்கப்படுகிறது. வழக்கங்களைத் தொகுக்கும் ஆய்வாளர், அவ்வழக்கத்தை வகுத்தவர் யார், அதனால் தண்டம் இறுத்தவர் யார் என்றும் உடன் குறித்தல் வேண்டும். தோப்பில் தாம் பிறந்த ஊரின் மொழியிலேயே, அவ்வூரை நேசித்தவாறே இதனைச் செய்து காட்டினார். 'ஊர் சொன்னது' என்னும் தொடரைப் புதினத்தில் காணுந்தோறும், அங்குச் சொன்னவர் யார் என்று கேட்பதே அவரிடமிருந்து நம் ஆய்வுலகம் கற்க வேண்டிய முதற்பாடமாகும்.